மந்திரவாதி கோட்டு போட்டா ஹீரோ

அப்பா, சித்தப்பா வயசுல இருக்கிற யாரையாவது பிடிச்சு, சின்ன வயசுல படிச்ச காமிக்ஸ்ல ரெண்டு ஹீரோ பேர் சொல்லுங்கன்னு கேட்டுப் பாருங்க. யோசிக்கவே மாட்டாங்க. இரும்புக்கை மாயாவி, வேதாளர். இப்போ அந்த ரெண்டு பேரையும் கதையை விட்டுத் தனியா எடுத்துப் பாருங்க. மாயாவி ராமாயணத்துல வர்ற ஒரு அசுரன். வாலி துரத்திக்கிட்டே போய் ஒரு குகைக்குள்ள சண்டை போட்டானே, வெளியே காவல் நின்ன சுக்ரீவன் ரத்தம் வழியறதைப் பார்த்து பயந்து வாசலைக் கல்லால மூடினானே, அந்தக் குகைக்குள்ள செத்தவன்தான் மாயாவி. வேதாளம்னா என்னன்னு சொல்லவே வேண்டாம், முருங்கை மரத்துல தொங்குற பிணத்துக்குள்ள குடியிருக்கிற பேய். ஆக, ரெண்டு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைங்க தலைமேல தூக்கி வெச்சுக் கொண்டாடின ஹீரோக்கள்ல ஒருத்தர் பேரு அசுரன் பேரு, இன்னொருத்தர் பேரு பேய் பேரு.

இது சும்மா மொழிபெயர்ப்புல நடந்த விபத்துன்னு எனக்குத் தோணலை. 1972 ஜனவரியில சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸோட முதல் இதழ் வந்தப்போ அதுல வந்த கதை இரும்புக்கை மாயாவி. மூலம் இங்கிலாந்தோட வேலியண்ட் வார இதழ்ல 1962-ல ஆரம்பிச்ச தொடர். அங்கே அதுக்கு எஃகு நகம்ங்கிற மாதிரி ஒரு பேரு. லூயிஸ் கிராண்டேல்னு ஒரு லேப் அசிஸ்டெண்ட், ஒரு கை போய் இரும்புக்கை மாட்டினவன், உடம்புல மின்சாரம் பாய்ஞ்சா இரும்புக்கை மட்டும் தெரியும், மீதி ஆள் மறைஞ்சிடுவான். (ட்ரிபிள் ஈ டிபார்ட்மெண்ட் மக்கள் இதை வீட்டில் முயற்சிக்க வேண்டாம்.) கவனிக்க வேண்டிய விஷயம், முதல் கதையில அவன் ஹீரோவே கிடையாது. புத்தி கெட்டுப்போன குற்றவாளி. அப்புறம்தான் திருந்தி ரகசிய ஏஜெண்ட் ஆகிறான். நம்ம ஆளுங்க நேரா நம்ம புராணத்துக்குள்ள கையை விட்டு, மறைஞ்சு நின்னு அடிக்கிறவனுக்கு ஏற்கெனவே இருக்கிற பேரை எடுத்து வெச்சாங்க. மாயை யாரோட ஆயுதம்? அசுரர்களோடது. அப்போ மாயாவி.

அமெரிக்காவுல 1936-ல லீ ஃபாக் உண்டாக்கின ஃபேண்டமுக்கும் இதே கதைதான். முத்து காமிக்ஸ்ல அவர் வேதாளர், பின்னாடி ராணி காமிக்ஸ்ல மாயாவி. மரியாதைக்கு ஒரு 'ர்' சேர்த்தாங்க பாருங்க, அங்கதான் தமிழ் நிக்குது! வேதாளம்னா வில்லன், வேதாளர்னா நம்ம ஆளு.

நம்ம ஊருக்கு வேதாளம் மேல அப்படியொண்ணும் வெறுப்பே இருந்ததில்லை. 1947 ஜூலையில ஆரம்பிச்ச அம்புலிமாமாவுல வந்த விக்கிரமாதித்தன் கதைகளை நினைச்சுப் பாருங்க. ஓவியர் சங்கர் வரைஞ்ச அந்தப் படம் உங்க மொபைல்ல மீம் டெம்ப்ளேட்டாவாவது வந்திருக்கும். கையில உருவின வாள், தோள்ல பிணம், பின்னாடி சுடுகாடு. 2020-ல அவர் காலமானப்போ எல்லாரும் பகிர்ந்ததும் அந்தப் படத்தைத்தான். அதுல வர்ற வேதாளம் யாரையும் கடிக்கலை, ரத்தம் குடிக்கலை. கதை சொல்லுது, கேள்வி கேக்குது. பதில் தெரிஞ்சும் சொல்லாம இருந்தா தலை வெடிச்சிடும், சொல்லிட்டா திரும்பவும் மரத்துக்குப் போயிடும். வைவா வோசிக்குப் போய் வந்தவங்களுக்கு இந்த நிலைமை நல்லாவே புரியும். அது வில்லன் இல்லை, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்.

இவ்வளவும் சொல்றதுக்குக் காரணம், பேயோ அசுரனோ காமிக்ஸ்ல வர்றது பிள்ளைங்களைக் கெடுக்கும்ங்கிற கட்சி நான் இல்லைன்னு முதல்லயே தெளிவா சொல்லிடத்தான். அந்தக் கட்சி ஒரு காலத்துல பெருசா இருந்துச்சு. 1954-ல அமெரிக்காவுல செனட் விசாரணையே நடந்து, பதிப்பாளர்களே பயந்துபோய் காமிக்ஸ் கோடுன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. நடமாடும் பிணம், ரத்தக்காட்டேரி, ஓநாய் மனுசன் எதுவும் படத்துல வரக் கூடாது. 1971-ல அதைத் தளர்த்தினாங்க, அடுத்த வருசமே ட்ராகுலாவும் கோஸ்ட் ரைடரும் கடைக்கு வந்துட்டாங்க. இங்கிலாந்து 1955-ல சட்டம் போட்டுச்சு. பார்த்துட்டு நம்ம பார்லிமெண்டும் 1956-ல இளைஞர்களுக்குக் கேடு தரும் வெளியீடுகள் பத்தி ஒரு சட்டம் போட்டுச்சு. வன்முறை, கொடூரம், அருவருப்பு இதெல்லாம் படக்கதையில வரக் கூடாதுன்னு. அந்தச் சட்டத்தை வெச்சுக்கிட்டு நரசிம்மர் குடலை உருவுற படத்தை என்ன பண்றதாம்? நல்ல வேளை, யாரும் கேக்கலை.

என் பிரச்சினை வேற. ராட்சசன் இருக்கட்டும். அவனுக்கு மாட்டுற முகம் யாரோடது?

காமிக்ஸ்ல ஒரு கட்டத்துக்குள்ள நுழைஞ்ச அடுத்த நொடியே யார் நல்லவன், யார் கெட்டவன்னு தெரிஞ்சாகணும். ரெண்டு பக்கம் வசனம் எழுதிப் புரிய வைக்க இடம் கிடையாது. அதனால ஓவியர் குறுக்கு வழி எடுப்பார். அமர் சித்திரக் கதையைப் புரட்டுங்க. அனந்த் பை 1967-ல ஆரம்பிச்சது. எங்க ஸ்கூல் லைப்ரரியில பைண்டிங் கிழிஞ்சு கிடந்ததே அதுதான், அந்த அளவுக்குப் படிச்சிருக்கோம். தேவர்கள் எல்லாம் வெளிர் நிறம், மழமழன்னு முகம். அசுரன்னா கருப்பு இல்ல அடர் பழுப்பு, பெரிய வயிறு, உருட்டின கண்ணு, முறுக்கு மீசை, கோரைப்பல், மார்பு நிறைய முடி. இதைப் பத்தி ஆராய்ச்சிப் புத்தகங்களே வந்தாச்சு. நந்தினி சந்திரா எழுதினது ஒண்ணு, கார்லின் மெக்லைன் எழுதினது இன்னொண்ணு. அதனால நிறத்தைப் பத்தி நான் புதுசா எதையும் கண்டுபிடிச்சதா சொல்லலை. எனக்கு உறுத்தினது வேற ஒரு இடம்.

அந்த அசுரன் முகம் எனக்கு நல்லாத் தெரிஞ்ச முகம். எங்க லைன் வீட்டுக்கு மேல, தேயிலைக் காட்டு ஓரத்துல உட்கார்ந்திருக்கிற முனி முகம் அது.

நான் கூடலூர் பக்கம். தாத்தா சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல சிலோன்லேருந்து வந்து டான்டீயில சேர்ந்தவர். வரும்போது பெட்டி படுக்கையோட சாமிகளும் கூடவே வந்துச்சு. அதுல ஒரு சாமியை இந்த இதழ் படிக்கிறவங்களுக்கு, குறிப்பா மெக்கானிக்கல் மக்களுக்கு, நான் அறிமுகப்படுத்தியே ஆகணும்: ரோதமுனி. ரோதைன்னா சக்கரம். சிலோன் மலைநாட்டுல தேயிலை ஃபேக்டரி மெஷினுக்குக் காவல் இந்த முனி. இலை அரைக்கிற ரோலர்ல யாரோட கையும் சிக்கக் கூடாதுன்னு அவருக்குப் படையல். சேஃப்டி ஆபீசர் வேலையை ஒரு கோரைப்பல் சாமி பார்த்திருக்கு. அவருக்கும் உருட்டின கண்ணு, அவருக்கும் மீசை, கருப்பு. சுருட்டும் சாராயமும் படைப்பாங்க. தாத்தா கும்பிடும்போது பயமும் இருக்கும், உரிமையும் இருக்கும். "நீ பாத்துக்கய்யா" அப்படின்னு மேஸ்திரிகிட்ட பேசுற மாதிரிதான் பேசுவார்.

நம்ம மரபுல கோரைப்பல்லுக்குக் கெட்டவன்னு அர்த்தமே கிடையாது. காளிக்கு இருக்கு, சுடலைமாடனுக்கு இருக்கு, ஊர் எல்லையில குதிரை மேல இருக்கிற கருப்பனுக்கு இருக்கு. அது கோபத்தோட அடையாளம், யார் பக்கம் நிக்கிற கோபம்ங்கிறதுதான் கேள்வி. படக்கதை வந்து அந்தக் கேள்வியை எடுத்துட்டு, பல்லை மட்டும் வெச்சுக்கிச்சு. ஏழு வயசுப் பையனுக்கு என்ன ஆகும்? நான்தான் அந்தப் பையன். புத்தகத்துல கிருஷ்ணன் அந்த முகத்தை உதைக்கிறார், வெளியே வந்தா தாத்தா அந்த முகத்துக்குக் கற்பூரம் காட்டுறார். கொஞ்ச நாள்லயே நம்ம சாமி கொஞ்சம் மட்டம்னு மனசுக்குள்ள ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துடும். யாரும் சொல்லித் தரலை. படம் சொல்லித் தந்துடுச்சு.

கூடலூர்ல வளர்ந்ததுல ஒரு லாபம் உண்டு. எந்தப் பக்கம் மலை இறங்கினாலும் ஒரு அசுரன் காத்துக்கிட்டு இருப்பான். நாடுகாணி வழியா கேரளாவுக்கு இறங்கினா மகாபலி. ஓணத்துக்குப் பூக்களம் போட்டு வருசா வருசம் வரவேற்கிறதே ஒரு அசுர ராஜாவைத்தான், எங்க தெருவுலயும் போடுவாங்க. முதுமலை தாண்டிக் கர்நாடகாவுக்குள்ள போனா மைசூரு, மகிஷனோட பேரைத் தாங்கின ஊர், சாமுண்டி மலை மேல வாளும் பாம்புமா கலர் கலரா நிக்கிறார். செல்ஃபி எடுக்காம யாரும் திரும்பறதில்லை, சாமுண்டிகூட யாரும் எடுக்கிறதில்லை. இந்தப் பக்கம் சமவெளிக்கு இறங்கினா சூரபத்மன். திருச்செந்தூர் கதையில முருகன் அவனைக் கொன்னு தூக்கிப் போட்டாரா? இல்லையே. மரமா நின்னவனைப் பிளந்து ஒரு பாதியை மயிலாக்கி ஏறிக்கிட்டார், மறு பாதியைச் சேவலாக்கிக் கொடியில வெச்சுக்கிட்டார். வில்லனைக் கூடவே வெச்சுக்கிற கிளைமாக்ஸ். ராவணனை எடுத்துக்கிட்டா புலவர் குழந்தை 1946-ல ராவண காவியமே எழுதினார், 1948-ல அரசாங்கம் தடை போட்டுச்சு, 1971-லதான் விலக்கினாங்க. இத்தனை விதமான அசுரன் இருக்கிற ஊருல, பெரும்பாலான படக்கதை எடுத்துக்கிட்டது ஒரே ஒரு அசுரனை. தொப்பை, மீசை, அட்டகாசச் சிரிப்பு, கடைசிப் பக்கத்துல சாவு.

வெளிநாட்டுக்காரன் மட்டும் யோக்கியமான்னா, அதுவும் இல்லை. 1939 கடைசியில சில்வர் ஸ்ட்ரீக்னு ஒரு காமிக்ஸ்ல 'தி க்ளா'ன்னு ஒரு வில்லன் வந்தான். மலை மாதிரி உயரம், நீளமான கோரைப்பல், நகம். சுத்தமான அரக்கன்தான், ஆனா முகம் மட்டும் ஆசியக்காரன் முகம். ரெண்டு வருசத்துல ஜப்பானோட போர் வந்ததும் அமெரிக்க காமிக்ஸ் அட்டைகள்ல ஜப்பான் சிப்பாய்க்கெல்லாம் அதே பல்லு, அதே நகம். முதல்ல அரக்கனுக்கு மனுசன் முகத்தைக் கொடுத்தாங்க, அப்புறம் மனுசனுக்கு அரக்கன் பல்லைக் கொடுத்தாங்க. இந்த வரிசையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க.

இப்போ மந்திரவாதிக்கு வருவோம். தமிழ்ப் படக்கதையில அசுரனை விட அதிகம் வேலை செஞ்ச வில்லன் மந்திரவாதிதான். தினத்தந்தியில 1960-ல ஆரம்பிச்ச கன்னித்தீவு இன்னும் முடியலைங்கிறது உலகப் பிரசித்தி. அது ஓடுறதுக்குக் காரணமே மந்திரவாதி மூசா, இளவரசி லைலாவைச் சின்னஞ்சிறு பொம்மை சைஸுக்குச் சுருக்கினதுதான். அந்தப் பக்கம் மாண்ட்ரேக்கும் மந்திரவாதிதான், ஆனா ஹீரோ. அதே லீ ஃபாக், 1934. என்ன வித்தியாசம்? மாண்ட்ரேக் கோட்டு போட்டிருப்பார், உயரமான தொப்பி, வாரின தலை. காட்டுக்குள்ள இருக்கிற மந்திரவாதிக்கு கோவணம், எலும்பு மாலை, சடை முடி. மாண்ட்ரேக்கோட கூட்டாளி லோதார் ஆப்பிரிக்க இளவரசன், அவரையே பல வருசம் சிறுத்தைத் தோலைச் சுத்திக்கிட்டுத்தான் நிக்க வெச்சாங்க. ரெண்டு பேரும் பண்றது ஒரே கண்கட்டு வித்தை. கோட்டு போட்டா திறமை, கோவணம் கட்டினா சூனியம்.

வேதாளர் கதையும் கொஞ்சம் இப்படித்தான். அடர்ந்த காடு, மண்டை ஓட்டுக் குகை, அதுக்குள்ள தலைமுறை தலைமுறையா ஒரு வெள்ளைக்காரர். சுத்தியிருக்கிற காட்டு ஜனங்க அவரைச் சாகாத ஆவின்னு நம்புறாங்க. எனக்கும் அந்தக் கதைகள் உயிர்தான். ஆனா மலையில வளர்ந்துட்டு அதைப் படிக்கும்போது, 1819-ல கோத்தகிரிக்கு வந்து கன்னேரிமுக்குல பங்களா கட்டின கலெக்டர் சல்லிவன் ஞாபகம் வராம இருக்கலை. சல்லிவனைத் திட்ட எழுதலை, தோடர்களோட நில உரிமைக்காகப் பேசின மனுசர் அவர். நான் சொல்றது கதை வடிவத்தை. காட்டுல ஏற்கெனவே இருந்தவங்களுக்குப் பேரு இருக்காது, வந்தவருக்குத்தான் சிம்மாசனம்.

சரி, இதெல்லாம் பேப்பர்ல நடக்கிறதுதானே, கதையைக் கதையா பாருடான்னு ஹாஸ்டல்ல சொன்னாங்க. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். நீலகிரியில வளராம இருந்திருந்தா ஒருவேளை ஒத்துக்கிட்டும் இருப்பேன்.

எங்க மாவட்டத்துல மந்திரவாதின்னு பேர் வாங்கின ஒரு ஜனமே இருக்கு. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகள்ல இருக்கிற குறும்பர்கள். தேன் எடுக்கிறவங்க, காட்டுப் பொருள் கொண்டுவர்றவங்க, மூலிகை தெரிஞ்சவங்க. அந்தக் காலத்துல படகர் ஊர்கள்ல உழவு தொடங்கணும்னா, விதை போடணும்னா குறும்பர் வந்து சடங்கு செஞ்சு தொடங்கி வைக்கணும். ஊருக்குக் காவலும் அவர்தான். எங்க முனிக்கு இருக்கிற அதே உத்தியோகம்னு வெச்சுக்கங்க. ஆனா மாடு செத்தா, குழந்தைக்குக் காய்ச்சல் வந்து போயிட்டா, கை நீளுறதும் அவர் பக்கம்தான். எட்கர் தர்ஸ்டன் 1909-ல வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பத்தின ஏழு பாகத் தொகுப்புலயும், அந்தக் காலத்து நீலகிரி கெசட்டியர்லயும் இதுக்குக் கணக்கு இருக்கு. சூனியம் வெச்சாங்கன்னு சொல்லி 1835-ல கொல்லப்பட்ட குறும்பர்கள் 48 பேர். 1875-லயும் 1882-லயும் அதைவிடக் குறைவான எண்ணிக்கையில. 1900-ல ஒரு குடும்பத்தையே, வீட்டுப் பெரியவர் வைத்தியம் தெரிஞ்சவர், அவரால ஊருக்கு நோய் வந்துச்சுன்னு சொல்லி.

இதைப் படிச்சுட்டு எந்த ஒரு சமூகத்தையும் யாரும் கை காட்டிட வேண்டாம். நோய்க்குக் காரணம் கிருமின்னு இந்த மலையில யாருக்கும் தெரியாத காலம். ஐரோப்பாவுலயும் இதே காரணத்துக்குப் பொம்பளைங்களை எரிச்சிருக்காங்க. எழுதி வெச்ச வெள்ளைக்காரர்களும் குறும்பர் தோற்றத்தைப் பத்தி எழுதும்போது, ஒரு படக்கதை ஓவியருக்கு வில்லன் வரையக் குறிப்பு கொடுக்கிற மாதிரியே எழுதியிருக்காங்க. குட்டை, கருப்பு, சிக்குப் பிடிச்ச முடி, பயமுறுத்துற பார்வைன்னு. எனக்குத் தேவையான விஷயம் இவ்வளவுதான்: மந்திரவாதி வில்லன்ங்கிறது எங்க ஊர்ல வெறும் கதை கிடையாது. அந்த முகத்தைக் காட்டின உடனே என்ன செய்யணும்ங்கிறது ஜனங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு.

காமிக்ஸ் வந்துதான் இது நடந்துச்சுன்னு சொல்ல நான் முட்டாள் இல்லை. 1835-க்கும் கன்னித்தீவுக்கும் நடுவுல 125 வருசம் இருக்கு. வரிசை தலைகீழா இருக்குன்னுதான் சொல்றேன். பயம் முதல்ல இருந்துச்சு, படம் அப்புறமா வந்து அந்தப் பயத்துக்கு கலர் அடிச்சு, விலை போட்டு, பிள்ளைங்க கையில கொடுத்துச்சு. அதனாலதான் மாத்துறதும் சுலபம்னு நினைக்கிறேன். பயத்தை எடுக்க நூறு வருசம் ஆகலாம். படத்தை மாத்த ஒரு பென்சில் போதும்.

இப்போ பென்சில் கூட வேண்டாம்ங்கிற நிலைமை. போன செமஸ்டர்ல நான் ஒரு இமேஜ் ஜெனரேட்டர்ல உட்கார்ந்து "இந்தியக் காட்டு மந்திரவாதி, காமிக்ஸ் பாணி"ன்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணிப் பார்த்தேன். பத்து தடவை. பத்துலயும் எலும்பு மாலை, பத்துலயும் கருப்பு உடம்பு, ஏழெட்டுல மூக்குல கம்பி, பின்னாடி பச்சைப் புகை. "நல்ல மந்திரவாதி"ன்னு மாத்தினேன். தாடி வெளுத்துச்சு, தோலும் வெளுத்துச்சு, காவி வேட்டி வந்துச்சு. மெஷின் லேர்னிங் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு இதுல அதிசயமே இருக்காது, போட்ட டேட்டாதானே வெளியே வரும். அந்த டேட்டாவுல முக்கால்வாசி நம்ம அப்பா காலத்து அட்டைப் படங்களும் அதோட வாரிசுகளும்தான்னு நான் ஊகிக்கிறேன். சிவகாசி ஓவியர் ஒருத்தர் அவசரத்துல எடுத்த குறுக்கு வழியை இப்போ ஒரு சர்வர் நிமிசத்துக்கு ஆயிரம் தடவை எடுத்துக்கிட்டு இருக்கு.

நம்ம சிம்போசியத்துக்குப் போட்ட காமிக்ஸ் போட்டி ஞாபகம் இருக்கா? வந்த கதைகள்ல ஊட்டி ரோட்டுப் பேய்க் கதை மட்டும் நாலு. ஊட்டின்னா பனி, பனின்னா பேய், ஹிந்திப் படம் ராஸ் காலத்துலேருந்து இதே கூத்து. போகட்டும். அந்த நாலுல மூணுல பேயை ஏவி விடுற ஆள் ஒரு ஆதிவாசிக் கிழவர். வரைஞ்சவங்க யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, எனக்கு நிச்சயமா தெரியும், ரெண்டு பேர் என் ரூம்மேட்ஸ். ஆனா அந்தப் பக்கங்களை டிஸ்ப்ளே போர்டுல ஒட்டின அன்னிக்கு, கோத்தகிரிப் பக்கத்துலேருந்து படிக்க வந்த என் நண்பன், குறும்பர் வீட்டுப் பையன், போர்டு முன்னாடி நின்னு நாலையும் முழுசா படிச்சான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "எங்க தாத்தாவை இவ்வளவு ஃபேமஸ் ஆக்கிட்டீங்களேடா" அப்படின்னான். அவன் தாத்தா தேன் எடுக்கிறவர். முட்டு வலின்னு கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு மாசம் ஒரு தடவை பஸ் ஏறிப் போயிட்டு வர்ற மந்திரவாதி.

தடை போடுங்க, ரூல் போடுங்கன்னு கேக்கலை. 1954-ல போட்ட தடை பேயை நிறுத்திச்சு, முகத்தை நிறுத்தலை. ஆதிவாசி வில்லனாவே வரக் கூடாதுன்னும் சொல்லலை, அப்படிச் சொன்னா அதுவும் ஒரு வகைக் கோவணம்தான். நான் கேக்கிறது ரொம்பச் சின்ன விஷயம். ராட்சசனை வரையும்போது உங்க கை தானா எந்தப் பக்கம் போகுதுன்னு ஒரு தடவை நிறுத்திப் பாருங்க. நிறம், பல்லு, முடி இந்த மூணையும் எடுத்துட்டு அவன் கெட்டவன்னு காட்ட முடியுதான்னு முயற்சி பண்ணுங்க. முடியலைன்னா கதையில ஓட்டை இருக்குன்னு அர்த்தம், ஏன்னா அவன் என்ன செஞ்சான்னு நீங்க இன்னும் யோசிக்கவே இல்லை. வேதாளத்துக்கு ஒரு 'ர்' போட்டு ஹீரோ ஆக்கத் தெரிஞ்ச மொழி இது, அதுக்கு இது முடியாதா?

அந்த நண்பனை நம்ம அடுத்த இதழுக்கு ஆறு பக்கம் வரையச் சொல்லிக் கேட்டிருக்கேன். முதல்ல மாட்டேன்னான், அரியர் ரெண்டு இருக்குன்னான். அப்புறம் ஒத்துக்கிட்டான். வெள்ளரிக்கொம்பைப் பக்கம் எழுத்துப்பாறைன்னு ஒரு பாறை இருக்கு, அதுல பழங்கால ஓவியம். அங்கே இருக்கிற குறும்பர்கள் இப்பவும் வேங்கை மரப் பிசினையும் இலைச்சாறையும் வெச்சுத் துணியில, காகிதத்துல வரைவாங்க. அந்தப் பாணியில வரையப் போறானாம், ரெண்டே நிறம், பழுப்பும் பச்சையும். கதையில ராட்சசன் உண்டான்னு கேட்டேன். உண்டுன்னான். எப்படி இருப்பான்னு கேட்டதுக்கு, "ஒருத்தன் இல்லடா, கூட்டம். ராத்திரியில தீப்பந்தத்தோட மலை ஏறி வருது. முகம் வரைய மாட்டேன், யாரோட முகத்தைப் போட்டாலும் தப்பாயிடும்" அப்படின்னு சொன்னான். பக்கங்கள் 20-ஆம் தேதிக்குள்ள வரணும்னு எடிட்டர் அக்கா சொல்லியிருக்காங்க. இதுவரைக்கும் வந்தது ஒண்ணரைப் பக்கம்.